தலைக்கு வந்தது

ஓவியருக்கு மாடல் வேண்டும். மாடலுக்குக் கூலி வேண்டும், நடுவில் சாப்பாடு வேண்டும். கால் மரத்துப்போச்சு என்று பாதியில் எழுந்துவிடுவார். நாளைக்கு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரமாட்டார். ஐரோப்பாவில் ஓரளவு முகம் தெரிகிற கண்ணாடி கைக்கெட்டும் விலைக்கு வந்தபோது இந்தத் தொல்லைக்கெல்லாம் விடிவு பிறந்தது. கூலி கேட்காத, கூப்பிட்ட நேரத்துக்கு உட்காருகிற, படம் கோணலாக வந்தாலும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத ஆள் ஒருவன் கண்ணாடிக்குள் இருந்தான். தன்னுருவ ஓவியம் என்கிற மகத்தான மரபு ஆன்மத் தேடலில் பிறந்தது என்று புத்தகங்கள் சொல்லும். கஞ்சத்தனத்துக்கும் அதில் சரிபாதிப் பங்கு தரவேண்டும் என்பது என் கட்சி.

ஆள் கிடைத்தான், வாங்கத்தான் ஆளில்லை. 15ஆம் நூற்றாண்டில் ஓவியர் என்றால் தச்சர், தட்டார் வரிசையில் நிற்கிற கைவேலைக்காரர். அவர் மூஞ்சியைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. ஆகவே பணக்காரர் செலவில் வரைகிற பக்திப் படங்களில், கூட்டத்தோடு கூட்டமாகத் தாங்களும் நுழைந்துகொண்டார்கள். ஃபிளாரன்ஸில் மெடிச்சி மாளிகையின் சிற்றாலயத்தில் 1459இல் பெனோட்ஸோ கொட்ஸோலி மூன்று ஞானிகளின் ஊர்வலத்தை வரைந்தார். பாலன் இயேசுவைப் பார்க்கப் போகிற ஊர்வலம் என்று பெயர். குதிரையில் பவனி வருவதோ படத்துக்குப் பணம் கொடுத்த மெடிச்சிகள். அந்த நெரிசலில், சிவப்புக் குல்லாய் போட்ட ஒருவர் நேராக நம்மைப் பார்க்கிறார். குல்லாயின் விளிம்பில், இது பெனோட்ஸோவின் வேலை என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. கல்யாண வீடியோவில் மணமக்களுக்குப் பின்னால் எல்லாக் காட்சியிலும் தலையை நீட்டுகிற தூரத்துச் சித்தப்பாகூட, தன் பெயரைத் தொப்பியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

குல்லாயில் ஆரம்பித்த விவகாரம் பிறகு எங்கெங்கோ போனது. அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சந்தேகம் வலுக்கிறது. கண்ணாடிமுன் நேராக உட்கார்ந்து ‘இதோ நான்’ என்று வரைந்தபோதெல்லாம் ஓவியர்கள் கூசாமல் புளுகியிருக்கிறார்கள். நோயாளியாக, பாவியாக, வெட்டுண்ட தலையாக, உரித்த தோலாக வேடம் கட்டியபோதுதான் வாய் தவறி உண்மை வந்திருக்கிறது.

புளுகுக்கு முதல் சாட்சி ஆல்பிரெக்ட் டூரர். நியூரம்பர்க் நகரத் தட்டார் ஒருவரின் மகன். 13 வயதில், 1484இல், வெள்ளிமுனைக் கோலால் தன் முகத்தை வரைந்தார். அந்தக் கோலால் இழுத்த கோட்டை எளிதில் அழிக்க முடியாது; பையனுக்கு அப்போதே தன்மேல் இருந்த நம்பிக்கையைப் பாருங்கள். 1498இல் வரைந்த படம் இப்போது மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் மெல்லிய தோலுறை, தலையில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட குல்லாய், தோளில் சுருள் சுருளாகக் கூந்தல், ஜன்னலுக்கு வெளியே மலைத்தொடர். இந்தக் கைகள் உழைத்துச் சாப்பிடுகிற கைகள் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. பிற்பாடு வெனிஸிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே நான் கனவான், ஊரிலோ ஒட்டுண்ணி என்று குமைந்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் யாராவது கடன் கேட்டார்களோ என்னவோ.

1500இல் கனவான் வேஷமும் அவருக்குப் போதவில்லை. இருட்டுப் பின்னணியில், முகத்தை நேருக்கு நேராக, இம்மியும் சாயாமல் வரைந்தார். அந்த நாளில் அப்படி நேர்முகமாக வரைவது பெரும்பாலும் ஒருவரை மட்டும்தான். அவர் பெத்லகேமில் பிறந்தவர். பழைய படங்களில் செம்பட்டையாக இருந்த முடி இதில் பழுப்பாகி இரண்டு பக்கமும் வழிகிறது. ஆசி வழங்க எழுந்த கை, நடுவழியில் மனம் மாறி மென்மயிர்க் கோட்டின் கழுத்துப் பட்டையை நெருடுகிறது. முகத்துக்கு ஒருபுறம் ஏ, டி என்கிற முத்திரையும் 1500 என்கிற எண்ணும். ஆல்பிரெக்ட் டூரர் வரைந்தது என்றும் படிக்கலாம், ஆண்டவர் பிறந்து 1500 வருஷம் ஆயிற்று என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் ஒரே எழுத்து போதும் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்கும்.

கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார், படைப்பாளியான ஓவியனும் அந்த வரிசையில் வருகிறவன், கிறிஸ்துவைப் பின்பற்றுவது ஒவ்வொரு விசுவாசியின் கடமை என்று அறிஞர்கள் இந்தப் படத்துக்குப் பக்கம் பக்கமாகப் பொழிப்புரை எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பின்பற்றுவதற்கு, இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுப்பது என்று சுலபமான வழிகளும் இருந்தன. டூரர் கோட்டைத் தானே வைத்துக்கொண்டார்.

1508இல் சாக்ஸனி இளவரசர் ஃபிரெடரிக்குக்காக அவர் வரைந்தது பத்தாயிரம் கிறிஸ்தவர்களின் மறைசாட்சி. மலையுச்சியிலிருந்து உருட்டுகிறார்கள், சிலுவையில் அறைகிறார்கள், தலையைச் சீவுகிறார்கள். இந்த ரத்தக் களறிக்கு நட்டநடுவே கறுப்பு உடையில் இரண்டு கனவான்கள் சாயங்கால உலாத்தல் போகிறார்கள். ஒருவர் கவிஞர் கொன்ராட் செல்டிஸ். மற்றவர் யாரென்று கேட்கவே வேண்டாம்; கையிலுள்ள குச்சியில் செருகிய தாளில், செய்தது ஜெர்மானியன் ஆல்பிரெக்ட் டூரர், வருஷம் 1508 என்று இருக்கிறது. பத்தாயிரம் பேர் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் விலாசம் காட்டுகிறார்.

இதே மனிதருக்கு ஒருநாள் விலாவில் வலி வந்தது. தூரத்திலிருந்த வைத்தியருக்கு அனுப்புவதற்கு என்று சொல்லப்படும் ஒரு சின்னப் படம் ஜெர்மனியின் பிரேமன் நகரில் இருக்கிறது. இடுப்புக்கு மேலே உடை இல்லை. மண்ணீரல் இருக்கிற இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம், அதைத் தொட்டுக் காட்டும் ஒரு விரல், மஞ்சள் பட்ட இடத்தில்தான் வலிக்கிறது என்று மேலே ஒரு குறிப்பு. கோட்டு இல்லை, லத்தீன் இல்லை. டூரர் தம்மைப் பற்றிச் சொன்னவற்றில் நான் முழுசாக நம்புவது இது ஒன்றைத்தான். இதிலும் விலாக்காயத்தைக் காட்டுகிற இயேசுவின் சாயல் தெரிகிறது என்று ஒரு கட்சி உண்டு. பழக்கதோஷம்.

மைக்கேலாஞ்சலோவுக்குத் தன் முகத்தைப் பற்றி இந்த மாதிரி மயக்கமெல்லாம் கிடையாது. இளம் வயதில் டொர்ரிஜானோ என்கிற சகசிற்பி விட்ட குத்தில் மூக்கு சப்பையாகி, கடைசிவரை அப்படியே நின்றுவிட்டது. நான் சிற்பி, ஓவியன் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். போப்புகள் சுவரைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை வரைந்தபோது கழுத்து வீங்கியது, தாடி வானத்தைப் பார்க்கிறது, வண்ணம் மூஞ்சியில் சொட்டுகிறது என்று நண்பருக்குப் புலம்பல் பாட்டு எழுதி, ஓரத்தில் அண்ணாந்து நிற்கும் தன் உருவத்தையும் கிறுக்கினார். அந்த வேலையிலிருந்து தப்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1536இல், அறுபதைத் தாண்டிய கிழவரை மறுபடியும் அதே கட்டடத்துக்கு இழுத்துவந்தார்கள். இந்த முறை பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவர். பொருள், இறுதித் தீர்ப்பு.

ஐந்து வருஷம் ஆயிற்று. இடையில் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். சுவரில் முந்நூறுக்கு மேற்பட்ட உருவங்கள், அதில் துணி உடுத்தியவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். முடிவதற்கு முன்பே பார்க்க வந்த போப்பின் சடங்கு அதிகாரி பியாஜோ ட செசேனா, இந்த அம்மணக் கும்பல் குளியல் கூடத்துக்கும் சாராயக் கடைக்கும்தான் லாயக்கு, கோயிலுக்கு ஆகாது என்றார். அவர் தலை மறைந்ததும் மைக்கேலாஞ்சலோ தூரிகையை எடுத்தார். நரகத்தின் மூலையில் பாதாள நீதிபதி மினோஸுக்குப் பியாஜோவின் முகம் வந்தது. கூடவே கழுதைக் காது. உடம்பைச் சுற்றிய பாம்பு எங்கே கடிக்கிறது என்பதை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். பியாஜோ போப்பிடம் ஓடினார். தம் அதிகாரம் நரகம் வரை செல்லாது என்று மூன்றாம் பவுல் கையை விரித்துவிட்டாராம். கதை உண்மையோ பொய்யோ, கழுதைக் காது இன்றும் இருக்கிறது.

எதிரியை நரகத்தில் உட்காரவைத்தவர் தனக்கு எந்த இடம் ஒதுக்கினார்? ஞானிகள் பக்கமா, அப்போஸ்தலர் பக்கமா? கிறிஸ்துவின் காலடி மேகத்தில் புனித பர்த்தலமேயு உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு தோலுரிக்கப்பட்டவர் என்பது மரபு. ஆகவே ஒரு கையில் கத்தி, மறு கையில் உரித்த தோல். பர்த்தலமேயு வழுக்கைத் தலையர், பெரிய தாடிக்காரர். தோலிலோ தலைமுடி கறுகறுவென்று இருக்கிறது, மூக்கு சப்பை. ஆளுக்கும் அவர் தோலுக்கும் சம்பந்தமே இல்லை. இது மைக்கேலாஞ்சலோவின் முகமல்லவா என்று 1925இல் எழுதியவர் லா காவா என்கிற இத்தாலிய மருத்துவர். ஏறக்குறைய நானூறு வருஷம் அந்தச் சுவரைக் கலை ரசிகர்கள் பார்த்தார்கள், கர்தினால்கள் அதே கூரையின்கீழ் போப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பழகிய ஒருவர் வரவேண்டியிருந்தது. இன்றைக்கு அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

கீழே நரகம், மேலே மோட்சம், நடுவே ஒரு கைப்பிடியில் தொங்கும் வெறுந்தோல். பிடி நழுவினால் நேரே பியாஜோவின் மடியில்தான். உள்ளே எலும்பில்லை, சதையில்லை. போப்புகள் எல்லாவற்றையும் வேலை வாங்கித் தீர்த்துவிட்டார்கள் என்று புகார் மனு எழுத இதைவிடப் பெரிய தாள் உலகத்தில் இல்லை, சம்பளமும் பிரதிவாதியே கொடுத்திருக்கிறார். கத்தி வைத்திருக்கும் பர்த்தலமேயுவின் முகம், ஊரையே கடிதத்தால் மிரட்டிப் பிழைத்த எழுத்தாளர் அரெட்டினோவுடையது என்றும் சொல்லுவார்கள். அரெட்டினோ இந்தப் படத்தைக் கிழித்துக் கடிதம் எழுதியது 1545இல், படம் முடிந்ததோ 1541இல். கணக்கு இடிக்கிறது. இருந்தாலும் நல்ல கதையை வருஷக் கணக்குக்காகக் கைவிட எனக்கு மனமில்லை. மைக்கேலாஞ்சலோ 1564இல் இறந்தார். அடுத்த வருஷமே அவருடைய சிஷ்யர் டேனியலே ட வோல்டெர்ராவை ஏணியில் ஏற்றி, அம்மணங்களுக்குத் துணி கட்டச் சொன்னார்கள். பாவம், நல்ல ஓவியர். வரலாற்றில் ‘கால்சட்டைக்காரர்’ என்ற பட்டப்பெயரோடு நிற்கிறார். தோலுக்கு மட்டும் யாரும் சட்டை போடவில்லை.

ரெம்பிராண்டைத் தொட்டால் இந்தக் கட்டுரை முடியாது; மனிதர் வாழ்நாள் முழுக்கத் தன்னையே வரைந்தவர். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1633 வாக்கில் இயேசுவின் சிலுவையை நிமிர்த்தும் காட்சியை வரைந்தார். நீலக் குல்லாய் போட்ட ஒருவர் சிலுவையைத் தூக்கி நிறுத்த ஒத்தாசை செய்கிறார். முகம் ரெம்பிராண்டின் முகம். டூரர் இயேசுவாகவே வந்தார். இவர் இயேசுவைக் கொன்றவர்களில் ஒருவராக வந்தார். என்ன வேலை செய்தாலும் குல்லாயைக் கழற்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி தலைகள். ரோமில் போர்கேஸே காட்சியகத்தில் கரவாஜியோவின் இரண்டு முகங்கள் இருக்கின்றன. ஒன்று 1593 வாக்கில், ஊருக்கு வந்த புதிதில், வியாதியில் படுத்து எழுந்த சமயத்தில் வரைந்தது. மாடலுக்குக் காசில்லாமல் தானே மதுக் கடவுள் பாக்கஸாக உட்கார்ந்தார். உதடு வெளுத்திருக்கிறது, தோலில் பச்சை பாரித்திருக்கிறது. இப்படி ஒரு கடவுள் ஊற்றிக் கொடுத்தால் மொடாக்குடியனும் ஒரு நிமிஷம் யோசிப்பான். மற்றொன்று 1610 வாக்கில் வரைந்தது. இளைஞன் தாவீது இடக் கையில் மயிரைப் பற்றித் தூக்கிப் பிடித்திருக்கும் கோலியாத்தின் வெட்டிய தலை.

இரண்டுக்கும் நடுவில் நடந்தவற்றுக்குப் போலீஸ் குறிப்புகளே நல்ல ஆதாரம். 1604இல் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆர்ட்டிசோக் காயில் எது வெண்ணெயில் வதக்கியது, எது எண்ணெயில் என்று கேட்டார்; பரிமாறுகிறவர் மோந்து பார்த்துச் சொல்லப் போக, தட்டு முகத்தில் விழுந்தது. அதற்கு முன்பே, 1600இல் முடித்த புனித மத்தேயுவின் கொலைக் காட்சியில் தன் முகத்தைப் பின்னணியில் வைத்திருந்தார். கொலையைத் திரும்பிப் பார்த்தபடியே இடத்தைக் காலிசெய்கிற ஆளாக. 1606 மே 28ஆம் தேதி, ரானுச்சோ டொமாசோனி என்பவரை டென்னிஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் கொன்றுவிட்டு நிஜமாகவே காலிசெய்தார். ஒத்திகை வீண்போகவில்லை.

ரோமில் அவர் தலைக்கு விலை வைத்தார்கள். நேப்பிள்ஸ் போனார், அங்கிருந்து மால்டா போனார். 1608இல் மால்டா வீரர் சபையில் வீரப்பட்டம் வாங்கினார். அதே வருஷம் அங்கே வரைந்த திருமுழுக்கு யோவானின் தலைவெட்டுதான் அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம். யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழியும் ரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். சில மாதத்தில் சக வீரர் ஒருவரைத் தாக்கி, சிறைக்குப் போய், தப்பியோடினார். அந்த ஓவியத்தின் முன்னாலேயே கூடி, அழுகிய உறுப்பு என்று சொல்லி அவரைச் சபையிலிருந்து வெட்டியெறிந்தார்கள். சிசிலி, திரும்ப நேப்பிள்ஸ். 1609இல் அங்கே ஒரு சத்திர வாசலில் யாரோ மடக்கி முகத்தைச் சிதைத்தார்கள்.

கோலியாத் தலையை அந்த முகத்தோடு பார்க்க வேண்டும். ஒரு கண் செருகியிருக்கிறது, மற்றதில் இன்னும் உயிர் இருக்கிறது, வாய் திறந்தபடி. தலையைப் பிடித்திருக்கும் தாவீதின் முகத்தில் வெற்றியும் இல்லை, வெறியும் இல்லை, பாவப்படுகிறான். வாளில் சில எழுத்துகள். பணிவு செருக்கைக் கொல்லும் என்பதன் சுருக்கம் என்று படிக்கிறார்கள். ஓவியம் போய்ச் சேர்ந்த இடம் கர்தினால் ஸ்கிபியோனே போர்கேஸே, போப்பின் சகோதரி மகன், மன்னிப்பு வாங்கித் தர வல்லவர். கேட்டீர்களே தலை, இந்தாருங்கள், இதோடு விட்டுவிடுங்கள் என்று தவணை கட்டிப் பார்த்த மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. மன்னிப்பு வருகிறது என்று நம்பி ரோமுக்குக் கிளம்பியவர் 1610 ஜூலையில், 38 வயதில், வழியில் போர்ட்டோ எர்கோலேயில் செத்துப்போனார். தலை மட்டும் ஒழுங்காக ரோம் போய்ச் சேர்ந்தது.

இதே தலைவெட்டைக் காதல் தோல்விக்குப் பயன்படுத்தியவர் ஃபிளாரன்ஸின் கிறிஸ்டோஃபனோ அல்லோரி. எதிரித் தளபதி ஒலோபெரினின் தலையைக் கொய்த யூதித்தை 1613இல் வரைந்தார். பட்டுச் சரிகையோடு தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் யூதித்து, அவரைக் கழற்றிவிட்ட மாஜி காதலி மட்சாஃபிர்ரா. பின்னால் எட்டிப் பார்க்கிற வேலைக்காரக் கிழவி, காதலியின் அம்மா. தலை, அல்லோரியுடையது. வாழ்க்கை வரலாறு எழுதிய பால்டினூச்சி அப்படித்தான் பதிவுசெய்திருக்கிறார். இப்படி நேர்ந்தால் நம் ஊரில் தாடி வளர்ப்பார்கள். அல்லோரியும் வளர்த்தார், ஒலோபெரினுக்குப் பொருத்தமாக இருக்கவேண்டுமே.

அல்லோரியின் ஞானப்பிள்ளை ஒருவனுக்கும் கிறிஸ்டோஃபனோ என்றே பெயர். அந்தப் பிள்ளையின் தாய், யூதித்து கதையின் மறுபக்கத்திலிருந்து வந்தவர்: ஆர்ட்டிமீசியா ஜென்டிலெஸ்கி. அப்பாவின் கூட்டாளியான ஓவியர் தாஸி அவரைக் கெடுத்த வழக்கு 1612இல் ரோமில் நடந்தது. பொய் சொல்கிறாளா என்று சோதிக்க, குற்றவாளியை விட்டுவிட்டு அவருடைய விரல்களைக் கயிற்றால் முறுக்கினார்கள், ஓவியம் வரைகிற விரல்களை. தாஸியை ரோமைவிட்டு வெளியேறச் சொன்ன தீர்ப்பு காகிதத்தில் இருந்தது, தாஸி ரோமில் இருந்தார். ஆர்ட்டிமீசியா அதன்பிறகு வரைந்த யூதித்துகளில் சிலர் தலையைக் கொய்துவிட்டுப் போஸ் கொடுப்பதில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டு, மெத்தையெல்லாம் ரத்தமாக, அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவரிடம் என் சந்தேகம் செல்லுபடியாகாது. 1638, 39 வாக்கில் லண்டனில், முதலாம் சார்லஸ் மன்னரின் அரண்மனையில் வேலைபார்த்த அப்பாவோடு இருந்தபோது, ‘ஓவியக் கலை’ என்னும் தேவதையாகத் தன்னை வரைந்தார். நம் சரஸ்வதிக்கு வீணை, ஏடு, அன்னம் என்று லட்சணம் இருப்பதைப்போல ஓவியத் தேவதைக்கும் செசாரே ரிபா என்பவர் ஒரு பட்டியல் போட்டுவைத்திருந்தார். கலைந்த கருங்கூந்தல், கழுத்தில் பொற்சங்கிலி, அதில் முகமூடிப் பதக்கம், நிறம் மாறும் பட்டாடை, வாயில் துணிக் கட்டு. ஓவியம் பேசாத கலையாம், அதற்காகக் கட்டு. ஆர்ட்டிமீசியா பட்டியலை வரிசையாக நிறைவேற்றினார்: கூந்தல் உண்டு, சங்கிலி உண்டு, பதக்கம் உண்டு, பட்டு உண்டு. வாய்க்கட்டை மட்டும் விட்டுவிட்டார். நீதிமன்றத்தில் அத்தனை பேர் முன்னால் பேசியவருக்கு அது எதற்கு?

ஆண் ஓவியர்கள் எவ்வளவு முயன்றாலும் செய்ய முடியாத காரியம் இது. தேவதை பெண், தாடியோடு அந்த வேஷம் கட்ட முடியாது. டூரர் கடவுளாக வேண்டுமென்றால் சிங்காரிக்க வேண்டியிருந்தது. ஆர்ட்டிமீசியா வேலைசெய்கிற உடம்போடு, சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, மேஜைமேல் சாய்ந்து, நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரைந்துகொண்டிருக்கிறார். அவ்வளவில் தேவதை ஆகிவிட்டார். தன் முகத்தைத் தானே அந்தக் கோணத்தில் பார்க்க ஒன்றுக்கு இரண்டு கண்ணாடி வேண்டும். ஓவியம் சார்லஸுக்குப் போனது. 1649இல் சார்லஸின் தலை போனது. ஓவியத்தை விற்றார்கள், 1660இல் முடியாட்சி திரும்பியபின் அதையும் மீட்டுவிட்டார்கள். தலையைத்தான் மீட்க வழியில்லை.

அடுத்து வருவது பிரான்ஸ் ராஜாவின் தலை; அதற்குப் பக்கத்தில் நின்று சிரித்தவர் ஒருவர் இருக்கிறார். ஜோசப் டுக்ரோ. 1769இல் வியன்னாவுக்கு அனுப்பி, கல்யாணத்துக்குமுன் பெண்ணைப் பார்க்கப் படம் எழுதி வரச் சொன்னார்கள். பெண் பெயர் மரி அன்துவானெத். படம் பிடித்துப்போய்க் கல்யாணம் நடந்தது, டுக்ரோ பிரபுவானார், பின்னால் ராணியின் முதல் ஓவியருமானார். வேலை நேரத்தில் ராணி. ஓய்வு நேரத்தில் தன் முகத்தைக் கோணலாக்கிப் பார்ப்பது. 1783 வாக்கில் வரைந்த படத்தில் ஒரு கையை நீட்டிச் சோம்பல் முறித்து, வயிறு தள்ளி, உள்நாக்கு தெரியக் கொட்டாவி விடுகிறார். அதற்கு முன் முந்நூறு வருஷமாக ஓவியர்கள் கடவுளாகவும் பிணமாகவும் வந்தார்கள். கொட்டாவி விட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. 1791 வாக்கில், புரட்சி நடுக்கட்டத்தில், உதட்டில் விரலை வைத்து, உஸ் என்கிறார். 1793 வாக்கில் கம்பை ஊன்றிக்கொண்டு, நம்மை நோக்கி விரலை நீட்டி, கெக்கெக்கே என்று சிரிக்கிறார். அந்த ஜனவரியில் ராஜா தலை, அக்டோபரில் ராணி தலை. ராஜாவின் கடைசிப் படத்தை எழுதியதும் இவர்தான் என்று சொல்லப்படுகிறது. அந்த வருஷம் பாரிஸில் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரைப் பார்த்துக் கூடாது என்பது உயிர் போகிற விஷயம். மனிதர் படத்தைப் பார்க்கிற எல்லோரையும் சுட்டிவிட்டார். லூவ்ரில் இருக்கும் அந்தப் படத்தை இணையத்தில் ராப் பாட்டு வரிகளை ஒட்டி மீமாக்கிவிட்டார்கள். ராணியை வரைந்த படங்களைவிட அதுதான் ஊர் சுற்றியது.

இன்னொரு மரி அன்துவானெத் இருந்தார், ஹங்கேரிக்காரர். அவர் சீக்கியப் பண்டிதர் உம்ராவ் சிங் ஷேர்கில்லை மணந்து 1913இல் புடாபெஸ்டில் ஒரு பெண்ணைப் பெற்றார். அம்ரிதா ஷேர்கில். பாரிஸில் ஓவியம் படிக்கப் போன அம்ரிதாவை அங்கே எல்லோரும் கீழ்நாட்டு அபூர்வமாகப் பார்த்தார்கள். பாரிஸ் அந்தப் பார்வையை ஓவியர் கோகானிடம் கற்றுக்கொண்டது. அவர் பசிபிக் கடலின் தஹிதி தீவுக்குப் போய் அங்குள்ள பெண்களை அரை அம்மணமாக வரைந்து பெயர் எடுத்தவர். தன்னை வரையும்போது அவர் அந்த வரிசையில் நிற்கவில்லை. 1889இலேயே செம்முடிவைத்த இயேசுவாகத் தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டார், டூரர் வழியில்.

1934இல், 21 வயதில், அம்ரிதா தன்னையே தஹிதிப் பெண்ணாக வரைந்தார். தஹிதிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இடுப்புக்கு மேலே உடை இல்லை, கைகள் முன்னால் ஒன்றன்மேல் ஒன்று, பார்வை எங்கோ பக்கவாட்டில். உங்களுக்கு இந்த உடம்பைத்தானே பார்க்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வரைந்தது நான் என்கிற தோரணை. பின்னால் பெரிதாக ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. கோகானின் நிழல் என்பார்கள், பார்க்கிறவன் நிழல் என்பார்கள். யாராயிருந்தாலும் அந்த ஆளுக்கு முகம் கொடுக்க அம்ரிதா சம்மதிக்கவில்லை. இதே குடும்பத்தில் அப்பா உம்ராவ் சிங், மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே கேமராவில் தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகையோடு, தலைப்பாகை இல்லாமல், பட்டினி கிடந்து மெலிந்த வெறும் உடம்போடு. செல்ஃபிக்குக் காப்புரிமை வாங்க அவருக்குத் தோன்றவில்லை.

1934 கடைசியில் அம்ரிதா இந்தியாவுக்குத் திரும்பினார். அஜந்தா பார்த்தார், கன்னியாகுமரிவரை வந்தார், தென்னிந்தியக் கிராமத்தாரையும் பிரம்மசாரிகளையும் மணப்பெண்ணையும் வரைந்தார். ஐரோப்பா பிக்காஸோவுக்கும் மத்தீஸுக்கும் பிராக்குக்கும் சொந்தம், இந்தியா எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று ஒரு கடிதத்தில் கணக்குத் தீர்த்தார். படத்தில் அடுத்தவர் வேஷம் கட்டுகிறவர் கடிதத்தில் ஒரு நாட்டையே தன் பெயருக்கு எழுதிக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். டூரர் கேட்டிருந்தால் அவ்வளவு பெரிய நாடா என்று கொஞ்சம் பொறாமைப்பட்டு, உடனே தாளையும் குச்சியையும் தேடியிருப்பார்.